வரைபடத்தில் இடம் பெறாதவர்கள்: தெருக்களுக்குத் திட்டம் போடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரத் திட்ட அதிகாரிகளுக்கும், அவர்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் வெளியிடும் தெருச் சீரமைப்புத் திட்டங்களை உட்கார்ந்து படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எந்த நகரமானாலும் முகப்புப் படம் ஏறக்குறைய ஒன்றுதான். அகலமான நடைபாதை, ஒரே உயரத்தில் மரங்கள், ஒரே நிறத்தில் கடைப் பலகைகள், சைக்கிளில் ஒரு பெண், பலூன் பிடித்த ஒரு குழந்தை. வெயில் எப்போதும் இதமாகவே அடிக்கிறது. யாரும் மூட்டை இறக்குவதில்லை. யாரும் எதையும் பழுது பார்ப்பதில்லை. கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரும் கிடையாது. பல நாட்டுக்காரர்களும் பல மொழிக்காரர்களும் சேர்ந்து பிழைக்கும் உள்நகரத் தெரு ஒன்றைத்தான் நீங்கள் வரைந்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதியிருப்பதைப் படித்தால்தான் தெரிகிறது.

படத்தில் விடுபட்டுப்போன அந்த ஆட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்படிப்பட்ட ஒரு தெருவின் கலப்பு யாரோ திட்டம் போட்டுக் கொண்டு வந்து வைத்த அலங்காரம் கிடையாது. குறைந்த வாடகை, கையகல இடம், பழைய கட்டடம், விடியலில் தொடங்கி நள்ளிரவு வரை நீளும் கடை நேரம் என்று நாலைந்து சாதாரண விஷயங்கள் சேர்ந்து தாங்கிப் பிடிக்கும் பிழைப்பு அது. அவற்றில் எதைத் தொட்டால் எது சரியும் என்று கணக்கெடுக்காமல் கல் பதிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். அளவெடுக்க ஆள் அனுப்பும்போது விடிகாலையில் அனுப்புங்கள். இரவெல்லாம் அலுவலகக் கட்டடங்களையும் மருத்துவமனைகளையும் துடைத்துப் பெருக்கிவிட்டு வீடு திரும்புகிறவர்களும், முதல் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களும் ஒரே நிறுத்தத்தில் எதிரெதிராகக் கடந்து போவதை அப்போதுதான் பார்க்க முடியும். சரக்கு வண்டி பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். வண்டிக்காரர் காதில் வாங்கமாட்டார். அப்புறம் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் போனதும் தெரு கொஞ்சம் மூச்சு விடும். முதியவர்கள் வெளியே வருவது அந்த நேரத்தில்தான், கூட்டத்தில் இடிபடாமல் நடக்கலாம் என்று. மதியத்துக்கு மேல் தையற்கடை, முடி திருத்தும் கடை, கைப்பேசி பழுது பார்க்கும் கடை. சாயங்காலம் எல்லாரும். இரவு பத்து மணிக்கு மேல் மருந்துக் கடை வெளிச்சமும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கடையின் வெளிச்சமும்; அந்த வெளிச்சத்தை நம்பித் தனியாக நடந்து வரும் பெண்களும். முற்பகலில் வந்து இரண்டு மணி நேரம் ஆட்களை எண்ணிவிட்டுப் போகிறவருக்கு இதில் கால்வாசிகூடக் கண்ணில் படாது. பிறகு அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ‘பயன்பாடு குறைவு’ என்று எழுதுவீர்கள்.

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கைப்பேசிக் கடைக்கு ஓர் அம்மா வருகிறார். பையிலிருந்து அரசாங்க முத்திரை போட்ட உறை ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைக்கிறார். கடைக்காரர் கையிலிருந்த சின்ன திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார். அந்த அம்மாவின் மொழி அவருக்குத் தெரியாது. அவருடைய மொழி அந்த அம்மாவுக்குத் தெரியாது. இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மூன்றாவது மொழியில், ‘இந்தத் தேதிக்குள் போகணும், இந்த இடத்தில் கையெழுத்து, இந்த நகலையும் எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்கிறார். தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். காசு வாங்கவில்லை. அந்த அம்மா போகும்போது ஒரு சார்ஜர் வயரை வாங்கிக்கொண்டு போகிறார், தேவை இருந்ததோ இல்லையோ. உங்கள் கணக்கில் இது ‘சில்லறை விற்பனை, மின்னணுச் சாதனம்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அதே வேலையைச் செய்ய நீங்கள் ஒரு சேவை மையம் திறந்தால் கட்டடம், ஆள், மொழிபெயர்ப்பாளர் என்று எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்களேன்.

இதை முதலில் கவனித்தவன் நான் இல்லை. நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் 555-ஆம் எண் வீட்டில் குடியிருந்த ஜேன் ஜேக்கப்ஸ், 1961-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் தெருக் கடைக்காரர்களின் இந்த வேலையைப் பற்றி விரிவாக எழுதினார். வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியைக் கடையில் கொடுத்து வைத்துவிட்டுப் போவார்கள்; வரும் நண்பர் அங்கே வாங்கிக்கொள்வார். அந்தக் கடைக்காரர் யாருக்கும் நெருங்கிய சிநேகிதர் இல்லை. நம்பலாம், ஆனால் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டார் என்பதுதான் அவருடைய தகுதி. தெரு உயிரோடு இருக்க ஜேக்கப்ஸ் நாலு நிபந்தனை சொன்னார். ஒரே காரியத்துக்கு மட்டும் ஆட்கள் வரும் இடமாக இருக்கக் கூடாது, அப்போதுதான் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு ஆட்கள் வெளியே வருவார்கள். குறுக்குத் தெருக்கள் அடிக்கடி வர வேண்டும். கட்டடங்கள் வெவ்வேறு வயதில் இருக்க வேண்டும். ஆட்கள் நெருக்கமாகக் குடியிருக்க வேண்டும். கல்லூரிப் பட்டம் இல்லாத ஒரு பத்திரிகைக்காரர், வீட்டு ஜன்னல் வழியாகவும் தெருவில் நடந்தும் பார்த்துச் சொன்னது. பட்டம் பெற்றவர்கள் அதே காலத்தில் ப்ரூம் தெரு வழியாக மன்ஹாட்டனுக்குக் குறுக்கே ஓர் அதிவேகச் சாலை போடத் திட்டம் வைத்திருந்தார்கள். தெருக்காரர்கள் வருடக் கணக்கில் சண்டை போட்டு, 1969-இல்தான் அது கைவிடப்பட்டது.

நாலு நிபந்தனைகளில் உங்கள் ஆட்கள் முதலில் கை வைப்பது மூன்றாவதில். பழைய கட்டடம் என்றாலே உங்களுக்குக் கை அரிக்கிறது. புராதனச் சின்னம் என்று பெயர்ப்பலகை மாட்டிய கட்டடத்தைச் சொல்லவில்லை. அதை நீங்கள் நன்றாகவே காப்பாற்றுகிறீர்கள். நான் சொல்வது ஒன்றுக்கும் உதவாத, பூச்சு உதிர்ந்த, கட்டிய கடன் எப்போதோ அடைந்துபோன, அதனாலேயே வாடகை குறைவாக இருக்கும் கட்டடத்தை. புதிதாக ஊருக்கு வந்தவர் முதல் போடும் இடம் அதுதான்.

லண்டனில் வால்வர்த் சாலை என்று ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு ஒரு கடைத்தெரு. சமூகவியலாளர் சூசன் ஹால் அதைக் கடை கடையாகப் போய் ஆராய்ந்தார். தனி ஆட்கள் நடத்தும் கடைகளின் முதலாளிகள் 20-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள். பிறகு அதே தென் லண்டனில் பெக்கமின் ரை லேன் தெருவையும் ஆராய்ந்தார். அங்கே ஒரு கடைக்குள்ளேயே பல கடைகள். எடுத்தவர் உள்வாடகைக்குப் பிரித்துக் கொடுக்கிறார்: வாசல் பக்கம் கைப்பேசி, நடுவில் பணம் அனுப்பும் ஜன்னல், உள்ளே தையல் இயந்திரம். வாசலுக்குக் கிட்ட இருக்கும் இடத்துக்கு வாடகை அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. நக அலங்காரம் செய்பவர் ஒரே ஒரு நாற்காலியை மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். முன்பணம் கொடுக்க வசதி இல்லாதவர் நாற்காலியில் தொடங்கி, ஓரளவு கையில் சேர்ந்ததும் தனிக்கடைக்குப் போகலாம். பார்க்கக் குப்பைக் காடாகத் தெரியும் இந்த ஏற்பாடு ஏணியின் முதல் படி. நீங்கள் நாலு கடையை இடித்துக் கண்ணாடி முகப்போடு ஒரே பெரிய கடையாகக் கட்டித் தந்தால், ஒரு வங்கியோ ஒரு சங்கிலிக் கடையோ வரும். வரி வசூல்கூட ஏறலாம். ஆனால் நாற்காலியோடு தொடங்க வேண்டியவர் எங்கே போய்த் தொடங்குவார் என்பதற்கு உங்கள் திட்ட அறிக்கையில் ஒரு வரியாவது வேண்டாமா?

கட்டடம் நின்றால் ஆட்கள் மாறி மாறி வருவார்கள் என்பதற்கு லண்டனிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. கிழக்கு லண்டன் பிரிக் லேனும் ஃபோர்னியர் தெருவும் சந்திக்கும் மூலையில் உள்ள கட்டடம். பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட் நெசவாளர் சமூகம் 1743-இல் தேவாலயமாகக் கட்டியது. 1819-இல் மெதடிஸ்டுகள் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக்கூடமானது. 1976-இலிருந்து வங்காளதேசத்தவரின் பள்ளிவாசல். சுவரில் உயரத்தில் ஒரு சூரிய கடிகாரம் இருக்கிறது. முதலில் கட்டியவர்கள் வைத்தது, அதன் பிறகு வந்த யாரும் எடுக்கவில்லை. துறைமுகம் பக்கத்தில், தையல் வேலை பக்கத்தில், வாடகை மலிவு. அதனால்தான் ஒருவர் போனால் அடுத்தவர் அங்கேயே வந்து இறங்கினார்.

இதைச் சொன்னதும் ‘ஆகா, என்ன ஒற்றுமை’ என்று ஒரு விளம்பரத் துண்டு அச்சடித்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. பிரிக் லேனிலிருந்து கொஞ்ச தூரத்தில் 1978 மே 4 அன்று, வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற இளம் ஆடைத் தொழிலாளி இனவெறித் தாக்குதலில் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஆயிரக்கணக்கானோர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் நகரின் மையத்துக்கு ஊர்வலம் போனார்கள். சம்பவம் நடந்த இடத்தை ஒட்டிய பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தது 1998-இல், இருபது வருடம் கழித்து. கலந்து வாழ்ந்தால் தானாக அன்பு பெருகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். தெருவில் தினம் ஒரு தகராறு உண்டு. குப்பையை யார் வாசலில் வைத்தது, வண்டியை ஏன் இங்கே நிறுத்தினாய், பாட்டுச் சத்தத்தைக் குறை, உன் பையன் என் கடைக் கண்ணாடியில் பந்தடித்தான். பெரும்பாலும் பேச்சோடு முடிகிறது, ஏனென்றால் மறுநாள் காலையிலும் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு நட்பு என்று பெயர் வைக்கத் தேவையில்லை. முகம் தெரியும், பெயர் தெரியாது. சண்டை போட்டிருக்கிறோம், ஆனால் மழையில் நனைந்துகொண்டு நின்றால் உள்ளே கூப்பிடுவார். பரபரப்பான தெருவில் கிடைப்பது இந்த அளவுதான், இது போதும்.

ஆட்களைப் பிரித்து வைத்தால் சச்சரவு குறையும் என்று நினைத்த உங்கள் முன்னோர்கள் உண்டு. 1822-இல் சிங்கப்பூருக்கு ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் சீனர்களுக்கு ஒரு பகுதி, இந்தியர்களுக்கு ஒரு பகுதி, ஐரோப்பியர்களுக்கு ஒன்று, அரபுகளுக்கு ஒன்று என்று கோடு போட்டுப் பிரித்தார்கள். கோடு காகிதத்தில் கிடந்தது. இன்று சைனா டவுன் என்று அழைக்கப்படும் இடத்தின் நடுவே, சவுத் பிரிட்ஜ் சாலையில், நாராயண பிள்ளை 1827-இல் நிறுவிய மாரியம்மன் கோயில் நிற்கிறது. நாலு எட்டு வைத்தால், தமிழகக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்களின் ஜாமே பள்ளிவாசல், அதற்கும் ஒரு வருடம் மூத்தது. பக்கத்துத் தெருக்களுக்கு கோபுரத்தை வைத்து பகோடா தெரு, கோயிலை வைத்து டெம்பிள் தெரு, பள்ளிவாசலை வைத்து மாஸ்க் தெரு என்று பெயர். நம் ஆட்கள் அங்கே போய்க் கலந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

கோடு காகிதத்தோடு நிற்காமல் புல்டோசராக இறங்கிய இடமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்று ஒரு பகுதி. விடுதலையான அடிமைகளின் வழிவந்தவர்கள், வணிகர்கள், தொழிலாளர்கள், குடியேறிகள் என்று எல்லாரும் நெருக்கியடித்து வாழ்ந்த உள்நகரம். ஹனோவர் தெருதான் அதன் கடைவீதி. 1966 பிப்ரவரி 11 அன்று அது வெள்ளையருக்கான பகுதி என்று நிறவெறி அரசு அறிவித்தது. அதன் பிறகு 60,000-க்கும் மேற்பட்டவர்கள் நகரத்துக்கு வெளியே மணல்வெளிக்குத் துரத்தப்பட்டார்கள். சொன்ன காரணங்களைக் கவனியுங்கள்: சேரி, குற்றம், சுகாதாரக்கேடு. வீடுகளையும் கடைகளையும் இடித்தார்கள்; தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் மட்டும் தனித்தனியே நின்றன. காலி செய்த நிலத்தில் பெரும்பகுதி அப்புறம் பல பத்தாண்டுகள் சும்மாவே கிடந்தது. இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் தெருப் பெயர்ப்பலகைகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்திருந்தார். 1994-இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தபோது அவை கிடைத்தன. இப்போது அங்கே தொங்குகின்றன. தரையில் பழைய தெருக்களின் வரைபடம் விரித்திருக்கிறது; குடியிருந்தவர்கள் குனிந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதியிருக்கிறார்கள்.

நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று சொல்வீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆட்சியோடு உங்களை நிறுத்த எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாமலேயே ஒரு தெருவைக் காலி செய்ய முடியும். மலேசியாவின் பினாங்கில் ஜார்ஜ் டவுன் அதற்குச் சாட்சி. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு அங்கே வெகுகாலம் இருந்தது. அந்தக் குறைந்த வாடகையில்தான் கடைவீடுகளின் கீழே பிரம்பு பின்னுகிறவரும் ஊதுபத்தி செய்கிறவரும் பெயர்ப்பலகை செதுக்குகிறவரும் தொழில் செய்தார்கள். மேலே குடும்பம் இருந்தது. மசூதி, சீனக் கோயில், மாரியம்மன் கோயில், ஆங்கிலேயர் தேவாலயம் எல்லாம் ஒரே நடையில் பார்த்துவிடும் தூரத்தில். 1997-இல் ரத்துச் சட்டம் வந்தது. 2000 பிறந்ததும் வாடகை அவிழ்த்து விடப்பட்டது. வீட்டுக்காரர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது, பல வருடமாகப் பழுது பார்க்கக்கூடக் கட்டாத வாடகை. ஆனாலும் நடந்தது என்னவென்றால், உள்நகரத்தில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் கிளம்பின. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவரும் ஓடும் ஜன்னல் கதவும் முன்னெப்போதையும்விட இப்போது பத்திரமாக இருக்கின்றன. கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறிவிட்டன. யாருடைய வாழ்க்கையைப் பார்த்து அந்த ஊரைப் பாரம்பரியம் என்று கொண்டாடினார்களோ, அவர்களில் பலர் புறநகர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், தெருத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய பாடம் ஜார்ஜ் டவுன்தான். கட்டடத்துக்குப் பட்டியல் இருக்கிறது, குடியிருப்பவருக்கு இல்லை. இதற்கு வழியே இல்லை என்று கையை விரிக்காதீர்கள். பாரிஸ் நகராட்சி 2004 முதல் ஒரு நிறுவனம் வழியாகத் விற்பனைக்கு வரும் தரைத்தளக் கடைகளை மற்றவர்களுக்கு முந்தி வாங்கும் உரிமையைப் பயன்படுத்தி வாங்கி, பழுது பார்த்து, சிறு வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டது. சான் பிரான்சிஸ்கோவில் 30 வருடத்துக்கு மேல் நடக்கும் கடைகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. 2015-இல் மக்கள் வாக்களித்து அதற்கு ஒரு நிதியும் ஒதுக்கினார்கள். அந்தக் கடைகளுக்கு நீண்டகாலக் குத்தகை தரும் கட்டட உரிமையாளருக்கும் அதிலிருந்து உதவித்தொகை கிடைக்கும். இரண்டும் பூரணமான தீர்வு என்று சொல்லவில்லை. வாடகையும் திட்டத்தின் ஒரு பகுதி, சந்தையின் விதி என்று ஒதுக்கிவிட முடியாது என்று ஒத்துக்கொண்ட நகரங்கள் அவை.

சத்தத்துக்கும் இதே போல ஒரு வழி இருக்கிறது. தெரு பிரபலமாகி, அதன் கலகலப்பைப் பார்த்து மயங்கி, மேலே புது அடுக்குமாடியில் ஒருவர் வீடு வாங்குகிறார். மூன்றாவது மாதம் அதே கலகலப்பைப் பற்றிப் புகார் எழுதுகிறார். நாற்பது வருடமாக அங்கே இருக்கும் இசைக்கூடம் ஒலியைக் குறைக்க வேண்டியதாகிறது, அல்லது மூட வேண்டியதாகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இலும் இங்கிலாந்து 2018-இலும் இதற்கு விதி கொண்டுவந்தன: புதிதாக வந்து சூழலை மாற்றுகிறவர்தான் சத்தத் தடுப்புக்குச் செலவு செய்ய வேண்டும். எளிய நியாயம். உங்கள் விதிகளிலும் இரண்டு பத்தியில் எழுதிவிடலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்த ஆள் தெருவை அப்படியே ஊறுகாய் போட்டு வைக்கச் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். எனக்கு உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. மழை பெய்தால் தேங்காத வடிகால் வேண்டும். நாள் முழுக்க வெளியே நிற்கிறவர்களுக்குப் பூட்டாத கழிப்பறை வேண்டும், அதுவும் பெண்களுக்கு முதலில். எரியும் விளக்கு வேண்டும். வண்டிகளின் வேகம் குறைய வேண்டும், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்டு என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒன்றில் நாளுக்கு ஏறக்குறைய 2,000 வண்டி, அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஓர் ஆளுக்குத் தெருவிலேயே சராசரியாக மூன்று நண்பர்கள். வண்டி நிறைந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9. தெருவில் எங்கெங்கே உங்கள் இடம் என்று காட்டச் சொன்னபோது, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் காட்டினார்கள். மூன்றாவது தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே சுருங்கிக்கொண்டார்கள். ஆப்பிள்யார்டு 1982-இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார்.

ஆனால் வண்டியைக் குறைக்கிறோம் என்று சரக்கு வண்டியையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். சின்னக் கடைக்குக் கிடங்கு கிடையாது. அன்றன்றைக்கு இறக்கினால்தான் அன்றன்றைக்கு விற்க முடியும். விடிகாலையில் இறக்கிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள், மூலையில் ஓர் இடம் விடுங்கள், போதும்.

பெஞ்சு பற்றியும் ஒரு வார்த்தை. வில்லியம் ஒயிட் என்பவர் 1970-களில் நியூயார்க் தெருக்களில் கேமரா வைத்து ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தார். பேச நிற்கிறவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள் என்றுதான் எவரும் நினைப்போம். அவர்கள் ஜன ஓட்டத்தின் நட்டநடுவில்தான் நின்றார்கள்! எனவே ‘உரையாடல் வளைவு’ என்று பெயர் வைத்து ஓரமாக நீங்கள் கட்டித் தரும் கற்திண்டு காலியாகக் கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நகர்த்தக்கூடிய சில நாற்காலிகள் மலிவு, ஆட்களே தங்களுக்கு வேண்டிய பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். நடுவில் கைப்பிடி வைத்துப் படுக்க முடியாமல் செய்த பெஞ்சைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. மரியாதை கருதி இங்கே எழுதவில்லை.

அப்புறம் வேலை நடக்கும் காலம். உங்கள் ஒப்பந்தத்தில் பதினெட்டு மாதம் என்று போட்டிருப்பீர்கள். தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டிப் போட்டால், பெரிய கடை அந்தப் பதினெட்டு மாத நஷ்டத்தை வேறு கிளையில் ஈடுகட்டிக்கொள்ளும். நாற்காலி வாடகைக்காரருக்கு மூன்று வாரம் போணி ஆகாவிட்டாலே கதை முடிந்தது. வேலை முடிந்து திறப்பு விழா நடக்கும்போது தெரு அழகாக இருக்கும், அதைக் கலகலப்பாக வைத்திருந்தவர்கள் இருக்க மாட்டார்கள். துண்டு துண்டாக வேலை செய்யுங்கள். தோண்டிய பகுதியை முடித்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். கடை வாசலுக்குப் பலகை போட்டாவது வழி விடுங்கள். அந்த மாதங்களுக்கு நகராட்சிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். ஒப்பந்தக்காரருக்கு இது சிரமம்தான், செலவும் கூடும். அந்தச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே காட்டுங்கள், கடைக்காரர் தலையில் சத்தம் இல்லாமல் இறக்காதீர்கள்.

கடைசியாகக் கருத்துக் கேட்புக் கூட்டம். வேலை நாளில் காலை 11 மணிக்கு, நகராட்சி மாளிகையின் மூன்றாவது மாடியில், ஒரே மொழியில், அறுபது பக்க அறிக்கையை முன்கூட்டிப் படித்துவிட்டு வரச் சொல்லிக் கூட்டினால் யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். தனியாகக் கடை நடத்துகிறவர் ஷட்டரை இழுத்து மூடினால்தான் வர முடியும். வராதவர்களை ‘ஆட்சேபம் இல்லாதவர்கள்’ என்று எழுதிக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்துங்கள். கூட்டத்தை இரவு கடை அடைக்கும் நேரத்துக்குப் பிறகு, அந்தத் தெருவிலேயே வையுங்கள். பள்ளிக்கூடமோ, வழிபாட்டு இடமோ, பெரிய கடை ஒன்றின் பின்கட்டோ கிடைக்கும். அறிவிப்பைத் தெருவில் பேசும் மொழிகள் எல்லாவற்றிலும் ஒரு பக்கத்தில் அச்சடியுங்கள். எந்தெந்த மொழி என்று தெரியவில்லை என்றால் கைப்பேசிக் கடைக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். கடை முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், உள்வாடகைக்கு இருப்பவர், நாற்காலிக்காரர், மேல்மாடியில் அறையைப் பகிர்ந்து தங்கும் தொழிலாளி, இரவு வேலைக்காரர் எல்லாருடைய பெயரையும் ஒரு பதிவேட்டில் ஏற்றுங்கள். வேலை முடிந்து ஒரு வருடம் கழித்து அதே பதிவேட்டை எடுத்துக்கொண்டு திரும்ப வந்து, யார் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று டிக் போட்டு, அந்த எண்ணிக்கையைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில், செலவுத் தொகைக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உள்நகரத் தெருவில் குடியிருக்கும் ஒருவன்